விமான நிலையத்தில் மலிவு வாடகைக் கார்: எடுக்கலாமா, விடலாமா?

விமான டிக்கெட் போட்டாயிற்று. இறங்கியதும் ஓட்டிக்கொண்டு போக ஒரு கார் வேண்டும் என்று தேடுகிறீர்கள். ஒரே நாள், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி கார். ஆனால் பேர் தெரிந்த நிறுவனம் கேட்பதில் பாதியைத்தான் பேர் கேள்விப்படாத ஒரு நிறுவனம் கேட்கிறது. இது ஏமாற்று வேலையா, நிஜமாகவே மலிவா என்று புரியாமல் புதியவர்கள் விழிப்பது இந்த இடத்தில்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவு நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஒரே கவுண்டரில் ஒருவர் பாதி விலைக்குக் காரை எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்புவார். அவருக்குப் பின்னால் நின்றவர், பெரிய நிறுவனத்தில் ஆகியிருக்கக்கூடிய செலவையும் தாண்டிக் கொடுத்துவிட்டு முகம் சுருங்கிப் போவார். வித்தியாசம் பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்ததில் இருக்கிறது: கிரெடிட் கார்டில் எவ்வளவு லிமிட் மீதி, இன்சூரன்ஸ் ஏற்கெனவே உண்டா, விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது. அதனால் இந்த முடிவை கவுண்டரில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. புக் பண்ணும் முன்பே எடுத்துவிட வேண்டும். அதை எப்படி எடுப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

விலை ஏன் குறைகிறது?

சில காரணங்கள் நியாயமானவை. டெர்மினலுக்குள் கவுண்டர் வைத்திருக்கும் நிறுவனம், இடத்துக்கு வாடகையோடு வருமானத்தில் ஒரு பங்கையும் விமான நிலையத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் இந்தப் பங்கு பொதுவாகச் சுமார் 10 சதவீதம். பில்லில் அதைத் தனி வரியாகவே வாடிக்கையாளர் தலையில் போட்டுவிடுவார்கள். மலிவு நிறுவனங்கள் பல வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இடம் பிடித்து, ஷட்டில் பஸ் விட்டு ஆட்களை அழைத்துப் போகின்றன. கார்கள் கொஞ்சம் பழசாக, அதிகம் ஓடியவையாக இருக்கும். கவுண்டரில் ஆட்கள் குறைவு, வரிசை நீளம். இதெல்லாம் உங்கள் நேரத்தைத் தின்னுமே தவிர, பர்ஸைத் தொடாது.

இன்னொரு காரணம் அவ்வளவு நியாயமானது இல்லை. ஒப்பீட்டுத் தளங்களில் குறைந்த விலை மேலே வருகிறது. அந்த முதல் இடத்துக்காக நாள் வாடகையை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். விட்டதைக் கவுண்டரில் பிடிப்பார்கள். கூடுதல் இன்சூரன்ஸ், முன்கூட்டியே பெட்ரோல், பெரிய கார், இரண்டாவது டிரைவர், குழந்தை சீட் என்று ஒன்றொன்றாக வரும். அவற்றை விற்றால் ஊழியருக்குக் கமிஷன் கிடைப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். எனவே கவுண்டரில் நடப்பது வெறும் சாவி வாங்கும் சடங்கு இல்லை, ஒரு விற்பனை. இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பேர் கேள்விப்படவில்லை என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். மலிவு பிராண்டுகள் பலவும் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான். டாலர், த்ரிஃப்டி இரண்டையும் 2012-இல் ஹெர்ட்ஸ் வாங்கியது. பேலெஸ் 2013-இல் ஏவிஸ் பட்ஜெட் குழுமத்துக்குப் போனது. கோல்ட்கார் 2017-இல் யூரோப்கார் கைக்கு வந்தது. அலமோவும் நேஷனலும் என்டர்பிரைஸோடு ஒரே குடும்பம். அதே சமயம், தாய் நிறுவனம் பெரியது என்பதால் பிள்ளையின் நிபந்தனைகளும் அதே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவு பிராண்டைத் தனியாக வைத்திருப்பதே நிபந்தனைகளைத் தனியாக வைத்துக்கொள்ளத்தான்.

படி 1: காரைத் தருவது யார் என்று கண்டுபிடியுங்கள்

ஒப்பீட்டுத் தளத்தில் புக் பண்ணினால் நீங்கள் பணம் கட்டுவது இடைத்தரகரிடம். சாவி தருவது வேறொரு நிறுவனம். கவுண்டரில் போடும் ஒப்பந்தம் அந்த இரண்டாவது நிறுவனத்தோடுதான். அதனால் அதன் பெயரும், எந்தக் கிளையில் கார் எடுக்கிறோம் என்பதும் தெரியாமல் பணம் கட்டக் கூடாது. 'விமான நிலையம்' என்று போட்டிருந்தாலும், டெர்மினலுக்குள்ளா, ஷட்டில் பஸ்ஸா, ஆள் வந்து சந்திப்பாரா என்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும்.

பெயர் தெரிந்ததும் விமர்சனங்களைப் படியுங்கள், ஆனால் கிளைவாரியாகப் படியுங்கள். ஒரே பிராண்டின் பல கிளைகள் வெவ்வேறு உரிமையாளர்களிடம் ஃபிரான்சைஸாக இருக்கும். ஒரு ஊரில் தங்கமாக நடப்பார்கள், பக்கத்து ஊரில் பிடுங்குவார்கள். மொத்த நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. ஒரு நட்சத்திர விமர்சனங்களில் எந்த மாதிரிப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நான் அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். 'இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள்' என்பது முதல் வகை. சலிப்புதான், ஆனால் தாங்கலாம். 'இன்சூரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள்' என்பது இரண்டாவது. இதில் பலரும் டெபாசிட்டுக்குப் போதிய லிமிட் இல்லாத கார்டோடு போனவர்கள். தயாராகப் போனால் தப்பிக்கலாம். 'திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, நான் பண்ணாத கீறலுக்குப் பணம் எடுத்துவிட்டார்கள்' என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகை ஒரே கிளைக்குப் பல பேரிடமிருந்து வந்திருந்தால், அதுவும் பம்பருக்கு அடியில், சக்கர விளிம்பில் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி இடங்களில் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதற்கு எந்தத் தயாரிப்பும் முழு மருந்து ஆகாது.

படி 2: நிபந்தனைப் பக்கத்தைத் திறங்கள்

யாரும் படிக்காத பக்கம் இது. முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. சில விஷயங்களை மட்டும் தேடிப் பிடித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் டெபாசிட். காரைக் கொடுக்கும்போது உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை பிளாக் பண்ணி வைப்பார்கள். மலிவு நிறுவனங்களில் இது வாடகையைப் போலப் பல மடங்காக இருக்கும். விபத்து நடந்தால் உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டுமோ, அந்த முழுத் தொகையையும் பிளாக் பண்ணுகிறவர்கள் உண்டு. பணம் போய்விடவில்லை, ஆனால் அந்த அளவுக்கு உங்கள் லிமிட் குறைந்துவிடும். அதே கார்டில் ஹோட்டலும் ஒரு தொகையை பிளாக் பண்ணும் என்பதை மறந்துவிட வேண்டாம். கார்டு, ஓட்டுபவரின் பெயரிலேயே, கையில் எடுத்துக் காட்டக்கூடிய அட்டையாக இருக்க வேண்டும். கணவர் பெயரில் புக்கிங், மனைவி பெயரில் கார்டு என்றால் பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள். டெபிட் கார்டு, ப்ரீபெய்ட் கார்டு இரண்டையும் ஏற்காத இடங்கள் அதிகம். ஏற்கும் இடத்திலும், டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்து நிஜமாகவே பணம் இறங்கி, திரும்பி வர நாள்கணக்கில் ஆகும். வெளிநாட்டில் எடுப்பதாக இருந்தால், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைப்பதும் பின் நம்பரை நினைவில் வைத்திருப்பதும் உங்கள் பொறுப்பு.

அடுத்தது லைசென்ஸ். வேறு நாட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கேட்பார்களா என்று பாருங்கள். அது உங்கள் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கூடவே வேண்டும். இதில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தருவது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவது அதிகபட்சம் மூன்று ஆண்டு. எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. லைசென்ஸ் கொடுத்த நாட்டில், கிளம்பும் முன்பே இதை வாங்கிவிட வேண்டும். போய் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. போலீஸ் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இது இல்லையென்று கவுண்டரிலேயே காரை மறுத்துவிட்டு, கட்டிய பணத்தையும் தராமல் அனுப்ப நிபந்தனையில் இடம் வைத்திருப்பார்கள். லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், 25 வயதுக்குக் கீழ் என்றால் நாளுக்கு இவ்வளவு கூடுதல் என்பவையும் அதே பத்தியில் இருக்கும்.

மூன்றாவது நேரம். உங்கள் விமானம் நள்ளிரவில் இறங்குகிறது, கவுண்டர் அதற்கு முன்பே மூடிவிடுகிறது என்றால் பேச்சே இல்லை, அந்த நிறுவனம் வேண்டாம். கூடுதல் கட்டணத்துக்குத் திறந்து வைப்பார்கள் என்றால் அந்தக் கட்டணத்தைக் கணக்கில் சேருங்கள். புக்கிங்கில் விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். விமானம் தாமதமானால் காரை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்பது அதைப் பொறுத்தது. எண் இல்லையென்றால் நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாடகை நாள் என்பது எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். காலை 10 மணிக்கு எடுத்து, கடைசி நாள் பகல் 12 மணிக்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை விழும்.

பெட்ரோலுக்கு 'முழு டேங்க் வாங்கி முழு டேங்க் கொடுப்பது' என்ற முறை மட்டுமே நேர்மையானது. முழு டேங்குக்கு அவர்கள் சொல்லும் விலையில் முன்பணம் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்குப் பணம் கிடையாது என்று சொல்வது இன்னொரு முறை. மூன்று நாள் ஊருக்குள் ஓட்டப் போகிறவருக்கு அது சுத்த நஷ்டம். கிலோமீட்டர் வரம்பு, எல்லை தாண்டிப் போகலாமா, படகில் ஏற்றலாமா என்பவை உங்கள் பயணத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் பாருங்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். புக்கிங்கில் காரின் படத்துக்குக் கீழே 'அல்லது இதே போன்றது' என்று இருக்கும். படத்தை நம்ப வேண்டாம்; பக்கத்தில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருந்தால் அதைப் பாருங்கள். வாடகைக் கார் உலகம் முழுக்கப் பொதுவான குறியீடு அது. முதல் எழுத்து அளவு: எம் என்றால் மினி, இ என்றால் எகானமி, சி என்றால் காம்பாக்ட். இரண்டாவது, வண்டியின் வகை. மூன்றாவதுதான் புதியவர்களுக்கு முக்கியம்: எம் என்றால் கியர் வண்டி, ஏ என்றால் ஆட்டோமேட்டிக். நான்காவதில் ஆர் என்றால் ஏசி உண்டு, என் என்றால் இல்லை. ஐரோப்பாவில் மலிவு கார் என்றால் அநேகமாகக் கியர் வண்டிதான் வரும். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர் மூன்றாவது எழுத்தைப் பார்க்காமல் புக் பண்ணிவிட்டால், கவுண்டரில் அவர்கள் சொல்லும் விலைக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: இன்சூரன்ஸை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

மலிவா இல்லையா என்பதை முடிவு செய்வது நாள் வாடகை இல்லை, இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வாடகைக் காரில் மூன்று விதமான நஷ்டம் வரலாம். நீங்கள் அடுத்தவருக்கோ அடுத்தவர் வண்டிக்கோ செய்யும் சேதம், வாடகைக் காருக்கே ஆகும் சேதம், கார் திருட்டு. முதலாவதுதான் ஆளை நொடிக்கச் செய்யக்கூடியது. அது வாடகையில் சேர்ந்திருக்கிறதா, எந்த அளவு வரை என்று முதலில் பாருங்கள். இந்த விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் ஐரோப்பாவில் அடிப்படைப் பாதுகாப்பு பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவில் அது இல்லாத விலையைக் காட்டுவது சகஜம். இந்த அடிப்படைப் பாதுகாப்பு உங்களை முழுவதுமாகக் காப்பாற்றாது. சேதத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நீங்களே கட்ட வேண்டும். அதற்கு மேல்தான் நிறுவனம் பொறுப்பேற்கும். இந்தத் தொகையை எக்ஸஸ் என்பார்கள். ஐரோப்பாவில் சாதாரணக் காருக்கு ஆயிரம், இரண்டாயிரம் யூரோ என்றெல்லாம் போகும். அதுவும் எல்லாப் பாகங்களுக்கும் இல்லை. டயர், சக்கரம், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பகுதி ஆகியவற்றை அடிப்படைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருப்பது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், அதிகம் அடிபடுவதும் அவைதான். குடித்துவிட்டு ஓட்டுவது, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது, டீசல் வண்டியில் பெட்ரோல் போடுவது, ரோடு இல்லாத இடத்தில் ஓட்டுவது, இதில் எது நடந்தாலும் எந்தப் பாதுகாப்பும் செல்லாது.

இந்த எக்ஸஸைச் சமாளிக்க மூன்று வழி. ஒன்று, கவுண்டரில் அவர்கள் விற்கும் முழுப் பாதுகாப்பு. விலை அதிகம், பல சமயம் வாடகையையே தாண்டும். ஆனால் டெபாசிட் குறையும், கீறல் பற்றிக் கவலையில்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டு, எக்ஸஸுக்கென்றே வேறு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே தனி பாலிசி எடுப்பது. பல மடங்கு மலிவு; டயர், கண்ணாடியையும் பலவற்றில் சேர்த்திருப்பார்கள். ஆனால் கவுண்டரில் இதைக் காட்டிப் பயனில்லை. சேதம் நடந்தால் முதலில் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும். பிறகு பில், ஒப்பந்தம், போட்டோ எல்லாம் அனுப்பி பாலிசி கம்பெனியிடம் திரும்ப வாங்க வேண்டும். டெபாசிட்டும் ஒரு பைசா குறையாது. இடைத்தரகர் தளங்கள் புக்கிங்கோடு சேர்த்து விற்கும் 'முழுப் பாதுகாப்பு'கூட இந்த வகைதான். 'நான்தான் ஏற்கெனவே இன்சூரன்ஸ் வாங்கிவிட்டேனே' என்று கவுண்டரில் நடக்கும் சண்டைகளில் கணிசமானவை இதைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. மூன்று, சில கிரெடிட் கார்டுகளோடு இலவசமாக வரும் வாடகைக் கார் பாதுகாப்பு. அது செல்ல வேண்டுமானால் முழு வாடகையையும் அந்தக் கார்டிலேயே கட்டியிருக்க வேண்டும். நிறுவனம் விற்கும் சேதப் பாதுகாப்பை மறுத்திருக்கவும் வேண்டும். எல்லா நாட்டுக்கும் செல்லாது. அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கும் கார்டுகள் உண்டு. வங்கிக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்

மலிவு நிறுவனத்தின் ஒரு வார வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். பேர் பெற்ற நிறுவனத்தில் 180. வெளியில் எடுக்கும் எக்ஸஸ் பாலிசி 25. கவுண்டரில் விற்கும் முழுப் பாதுகாப்பு நாளுக்கு 15, ஏழு நாளுக்கு 105. இரவு நேரக் கட்டணம் 30.

உங்கள் கார்டு பெரிய டெபாசிட்டைத் தாங்கும், பகலில் இறங்குகிறீர்கள் என்றால் மலிவு நிறுவனத்தில் 125, பெரிய நிறுவனத்தில் 205. யோசிக்கவே வேண்டாம். அதே ஆள், கார்டில் லிமிட் இல்லாமல் இரவில் போய் நின்றால் மலிவு நிறுவனத்தில் 100, 105, 30 எல்லாம் சேர்ந்து 235. பெரிய நிறுவனத்தில் டெபாசிட் குறைவு, இரவுக் கட்டணம் இல்லை என்றால் அதே 205தான். எண்கள் கற்பனை, ஆனால் கணக்கு போகும் விதம் இதுதான். உங்கள் புக்கிங்கின் நிஜ எண்களைப் போட்டு இதே மாதிரி இரண்டு கூட்டல் போடுங்கள்: எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு, கார்டு மறுக்கப்பட்டு அவர்கள் இன்சூரன்ஸை வாங்க நேர்ந்தால் எவ்வளவு.

இரண்டாவது டிரைவர், குழந்தை சீட், எடுத்த ஊரில் கொடுக்காமல் வேறு ஊரில் கொடுக்கும் கட்டணம் ஆகியவற்றையும் இரண்டு பக்கமும் சேருங்கள். இந்த உதிரிச் செலவுகளில்தான் மலிவு நிறுவனங்கள் தாராளமாகக் கை வைக்கும். தொழில் மொத்தமே இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஏவிஸ், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களும் ஐரோப்பிய ஆணையம் தலையிட்ட பிறகுதான், கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த விலையைக் காட்டவும், பெட்ரோல், இன்சூரன்ஸ், சேத விவரங்களைத் தெளிவாகச் சொல்லவும் 2017-இல் ஒப்புக்கொண்டன.

படி 5: இப்போது முடிவு

டெபாசிட்டைத் தாங்கும் கிரெடிட் கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது, எக்ஸஸுக்குத் தனி பாலிசி உண்டு, பகலில் இறங்குகிறீர்கள், அந்தக் கிளைமேல் போலிக் கீறல் புகார்கள் இல்லை. இந்த நான்கும் சரி என்றால் மலிவு நிறுவனத்தை எடுங்கள். ஷட்டில் பஸ்ஸுக்கும் வரிசைக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டால் போதும்.

கைக்குழந்தையோடும் வயதான அப்பா அம்மாவோடும் இரவில் இறங்குகிறவர், இறங்கியதும் ஒரு கூட்டத்துக்கு ஓட வேண்டியவர், டெபிட் கார்டு மட்டும் வைத்திருப்பவர், ஒரு கீறல் விழுந்தாலே தூக்கம் போய்விடும் சுபாவம் உள்ளவர், இவர்களுக்கு என் ஓட்டு டெர்மினலுக்குள் இருக்கும் நிறுவனத்துக்குத்தான். இரண்டு நாள் வாடகை என்றாலும் அப்படியே. மிச்சமாகும் சில்லறைக்கு இவ்வளவு வேலை வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு: விமான நிலையத்திலிருந்து ரயிலிலோ டாக்சியிலோ ஊருக்குள் போய், மறுநாள் காலையில் நகரக் கிளையில் எடுப்பது. விமான நிலையக் கட்டணம் இல்லாததால், நல்ல நிறுவனமே அங்கே மலிவாகக் கிடைக்கும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

படி 6: கவுண்டரில்

எடுப்பது என்று முடிவாகிவிட்டால், புக்கிங்கையும் நிபந்தனைப் பக்கத்தையும் போனில் சேமித்தோ அச்செடுத்தோ கொண்டுபோங்கள். அங்கே இன்டர்நெட் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இன்சூரன்ஸ் பேச்சு வரும். 'உங்கள் பாலிசி இங்கே செல்லாது' என்பார்கள்; அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. 'தெரியும், டெபாசிட்டை பிளாக் பண்ணிக்கொள்ளுங்கள்' என்பதே போதுமான பதில். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேரம் நீளும். கோபமும் வேண்டாம், அவர் தன் வேலையைப் பார்க்கிறார். பெரிய காரை 'இலவசமாக' மாற்றித் தருவதாகச் சொன்னால், மொத்தத் தொகையிலும் டெபாசிட்டிலும் மாற்றம் இல்லையே என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். இப்போது பல இடங்களில் சின்னத் திரையில் விரலால் கையெழுத்து. திரையில் கட்டங்கள் டிக் ஆகியிருக்கும். ஒவ்வொன்றும் என்ன என்று கேளுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. கார்டு மெஷின் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். மெஷின் காட்டும் மாற்று விகிதம் அநேகமாக உங்கள் வங்கியுடையதைவிட மோசமாகவே இருக்கும்.

படி 7: காரைச் சுற்றி வாருங்கள்

சாவி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். போனில் ஒரே தொடர் வீடியோவாக, நம்பர் பிளேட்டில் தொடங்கிக் காரை முழுக்கச் சுற்றி எடுங்கள். கதவு ஓரங்கள், நான்கு சக்கர விளிம்புகள், பம்பரின் கீழ்ப்பகுதி, முன்கண்ணாடி, கூரை எல்லாம் விழ வேண்டும். இருட்டாக இருந்தால் விளக்குக்கு அடியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஈரமான காரில் கீறல் தெரியாது, துடைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே டேங்க் முள்ளையும் ஓடிய கிலோமீட்டரையும் எடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ மட்டும் போதாது. அவர்கள் தரும் சேதப் படிவத்தில் இல்லாத கீறல் எதைக் கண்டாலும் ஊழியரை அழைத்து எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். 'சின்னக் கீறல்தானே, நாங்கள் கணக்கில் எடுக்க மாட்டோம்' என்று சொன்னால், சிரித்துக்கொண்டே 'சரி, அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லுங்கள். ஊழியர் இல்லாத இடம் என்றால், கிளம்பும் முன் படங்களை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரமே சாட்சி.

டோல் ரோடு பற்றியும் இங்கேயே கேட்டுவிடுங்கள். காரில் டோல் கருவி இருந்தால், அதைப் பயன்படுத்தும் வசதிக்கு என்று டோலோடு சேர்த்துத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரே ஒரு டோலைத் தாண்டினாலும் நாள் கணக்கில் அது ஏறக்கூடும்.

படி 8: திருப்பிக் கொடுக்கும்போது

பெட்ரோலைக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டில் பஸ் உள்ள நிறுவனம் என்றால் விமானத்துக்குத் தேவையான நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். அவசரத்தில் கொடுப்பவர்தான் எதையும் சரிபார்க்காமல் ஓடுவார்.

முதல் நாள் எடுத்த மாதிரியே இன்னொரு வீடியோ எடுங்கள். ஊழியர் பார்த்து 'புதிய சேதம் இல்லை' என்று எழுதிய ரசீதை வாங்காமல் நகர வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியில் சாவியைப் போடுவது முடிந்தவரை வேண்டாம். மறுநாள் அவர்கள் பார்க்கும் வரை கார் உங்கள் பொறுப்பில்தான் இருக்கும். திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது பெரிய நிறுவனத்திலும் முக்கியம். வாடகைக் காரைத் திருடியதாகத் தங்கள்மேல் பொய்யாகப் புகார் கொடுக்கப்பட்டது என்று பலர் தொடுத்த வழக்குகளில், 364 கோரிக்கைகளைத் தீர்க்கச் சுமார் 16.8 கோடி டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் ஹெர்ட்ஸ் ஒப்புக்கொண்டது.

டெபாசிட்டை அவர்கள் விடுவித்தாலும், கார்டில் லிமிட் திரும்ப வங்கியைப் பொறுத்துச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். அதற்குள் பதறி தினமும் போன் போட வேண்டாம். ஆனால் கார்டு ஸ்டேட்மென்டை மூன்று நான்கு மாதம் கவனியுங்கள். வேகம், பார்க்கிங் அபராதங்கள் தாமதமாகத்தான் வரும். அபராதம் தனி, உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கு நிறுவனம் பிடிக்கும் கட்டணம் தனி. புரியாத தொகை ஏதாவது பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, சேதத்தின் தேதியிட்ட படமும் பழுது பார்த்த பில்லும் கேளுங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், இரண்டு வீடியோவையும் ரசீதையும் வைத்து வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்து எழுதுங்கள். வங்கிகள் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கும், அது முடியும் முன் எழுத வேண்டும். அதுவரை போனில் இடம் போதவில்லை என்று அந்த வீடியோக்களை அழித்துவிடாதீர்கள்.